மண்ணின் சுவை எங்கே இருக்கிறது?

ஓர் ஊரில் விளைந்த பொருளுக்கு அந்த ஊரின் சுவை உண்டு என்ற நம்பிக்கை உலகெங்கும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். மண், மலைச்சரிவு, மழை, வெயில், வழிவழியாக வந்த கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து ஒயினில் இறங்குகின்றன என்பது அவர்கள் கொள்கை. அதற்கு டெர்வார் என்று பெயர். போர்தோ வட்டாரத்துச் சிவப்பு ஒயினை அதே கொடியைக் கொண்டுபோய் நட்டாலும் கலிபோர்னியாவில் செய்துவிட முடியாது என்பது அந்தக் கொள்கையின் சாரம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் தேனையும் மிளகையும் பற்றித் தமிழ்நாட்டில் நிலவும் நம்பிக்கையும் ஏறக்குறைய இதுவே.

இந்த நம்பிக்கைக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இடத்துக்கு இடம் சுவை மாறுவது உண்மையா? உண்மை என்றால் அந்த மாற்றம் பொருளில் இருக்கிறதா, சுவைப்பவர் நாவில் இருக்கிறதா? ஒன்றை மற்றதைவிட உயர்ந்தது என்று சொல்ல இடமுண்டா? முதல் இரண்டையும் இந்தியத் தத்துவ மரபுகள் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கின்றன. மூன்றாவதற்குச் சந்தை ஒரு விடையும் சமயம் வேறொரு விடையும் தருகின்றன.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். மேலே கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்த நிலம்; அதில் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். அடியில் காப்பிச் செடி. சரிவுகளில் பலா, வாழை, அன்னாசி. வானம் பார்த்த காடுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும். கீழே காவிரிச் சமவெளியில் வெயில் கொளுத்தும் நாளில்கூட மேலே இரவுக் குளிர் இறங்கிவிடும்.

இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் அவனைக் காட்டில் வேட்டைக்காரனாகச் சந்திக்கிறார். ஓரி தன் பெயரைச் சொல்லாமலே பாணர் கூட்டத்துக்கு வேகவைத்த மான்கறியும், உருக்கிய பசுநெய் போன்ற வேரியும் கொடுத்து அனுப்புகிறான். வேரி என்பது மது. மலைக்குறவர் மூங்கில் குழாயில் தேனை ஊற்றி நாள்பட முதிரவைத்துத் தேறல் ஆக்கியதைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. அதே புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைக் குறிப்பிடுகிறார். அது திராட்சை மது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1945இல் அதன் அருகே அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்து இறங்கிய இருகாது ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. உள்நாட்டுத் தேறலும் கடல் கடந்த தேறலும் ஒரே காலத்தில் தமிழ்நாட்டில் புழங்கின. இரண்டையும் பாடிய புலவர்கள் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தோடு சேர்த்தே பாடினார்கள். இன்ன மலையின் வேரி, இன்னார் கொண்டுவந்த தேறல் என்று பிறப்பிடத்தைச் சொன்னவர்கள், எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல முனையவில்லை.

சுவை வேறுபாடு உண்மையா என்ற முதல் கேள்விக்குக் கொல்லிமலைத் தேனே நல்ல சான்று. அந்த ஒரே பெயரில் விற்பவை எல்லாம் ஒரே பொருள் இல்லை. பாறை விளிம்பிலும் உயர்ந்த மரக்கிளையிலும் பெரிய ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயின் தேன் ஒரு வகை. மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத்தேனீயின் தேன் இன்னொன்று. புதர்க்கிளையில் உள்ளங்கை அகலத்துக்கு அடை கட்டுவது கொம்புத்தேனீ. கொசுவளவே இருந்து கொட்டத் தெரியாத கொசுத்தேனீ, மெழுகும் பிசினும் குழைத்த சின்னக் குடுவைகளில் தேன் சேர்க்கும். அந்தத் தேனில் புளிப்புத் தூக்கலாக இருக்கும், கிடைப்பதும் கொஞ்சமே என்பதால் மருந்துக்கென்று எடுத்துவைப்பார்கள். பூவும் சுவையை மாற்றும். நாவல் பூத்த பருவத்துத் தேனை விரல் நுனியில் தொட்டு நாவில் வைத்தால் முதலில் வெறும் இனிப்புத்தான். விழுங்கியபின் அடித்தொண்டையில் ஒரு மெல்லிய கசப்பு தங்கும், அடுத்து குடிக்கும் தண்ணீரில்கூட அது தெரியும். பல பூக்கள் கலந்த பருவத்துத் தேனில் அந்தக் கசப்பு இராது.

எந்தத் தேனிலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை; மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு தேனை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மணமும் கசப்பும் புளிப்பும் அதற்கும் மிஞ்சிய சிறு துளியில் அடங்கிவிடுகின்றன. சிவப்பு ஒயினும் அப்படியே. தண்ணீரையும் ஆல்கஹாலையும் கழித்தால் நூற்றில் சில பங்கே எஞ்சும். போர்தோ, பர்கண்டி, நாப்பா, பரோசா என்ற ஒயின் வட்டாரப் பெயர்களெல்லாம் அந்தச் சில பங்கின் மேல் நிற்கின்றன. பங்கு சிறியது என்பதால் வேறுபாடு பொய்யாகிவிடாது. நாவல் தேனின் கசப்பு கொஞ்சம் பழக்கம் உள்ள யாருக்கும் தெரியும்.

இந்த வேறுபாடு எங்கே குடியிருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. நையாயிகர் (நியாயப் பிரிவினர்), வைசேடிகர் என்ற இரு இந்தியத் தத்துவப் பள்ளியினர் இதற்கு நேரடியான விடை தந்தவர்கள். சுவை ஒரு குணம். நாவால் மட்டும் அறியப்படுவது. நிலம், நீர் என்ற இரண்டு பொருள்களில் தங்குவது. நீரில் இனிப்பு மட்டுமே உண்டு, நிலத்தில் அறுசுவையும் உண்டு என்று 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்கசங்கிரகம் தொகுத்துச் சொல்கிறது. நிலப்பொருளின் நிறம், சுவை, மணம், தொடுவுணர்வு நான்கும் வெப்பத்தால் மாறும் என்றும் அவர்கள் கொண்டார்கள். இந்த மாற்றத்துக்குப் பாகம் என்று பெயர். காய் பழமாவது இதற்கு அவர்கள் தரும் எடுத்துக்காட்டு. மாறுவது அணுவா, முழுப் பொருளா என்பதில் வைசேடிகருக்கும் நையாயிகருக்கும் நீண்ட வாதம் நடந்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டது ஒன்று: சுவை பொருளைச் சேர்ந்தது, வெப்பமே அதை ஆக்கிக் கொடுக்கிறது.

திராட்சையில் நடப்பதைப் பார்த்தால் இந்தப் பழைய கருத்தின் கூர்மை தெரியும். காயில் புளிப்பு மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் புளிப்பு குறைந்து சர்க்கரை கூடும். தோலில் நிறமும் துவர்ப்பும் முதிரும். கேபர்னே சோவின்யோன் திராட்சையில் குடைமிளகாயை நினைவூட்டும் பச்சை வாசம் ஒன்று உண்டு. முதிர்ச்சியில் அது மங்கும். கடற்காற்றும் மிதமான வெயிலும் உள்ள போர்தோவில் பழம் மெல்ல முதிர்வதால் புளிப்பும் அந்தப் பச்சை வாசத்தின் சாயலும் ஒயினில் கொஞ்சம் தங்குகின்றன. கலிபோர்னியாவின் நாப்பாவில் வெயில் நிலையானது. பழம் முழுக்க முதிர்ந்து சர்க்கரை கூடுவதால் ஆல்கஹாலும் கூடும். துவர்ப்பு மென்மையாகி, பழச்சுவை முன்னே நிற்கும். பழைய போர்தோ ஒயினில் ஆல்கஹால் 12, 13 சதவீதத்தில் நின்றது. நாப்பாவில் 14ஐத் தாண்டுவது சாதாரணம். புவி வெப்பமாவதால் போர்தோவும் இப்போது அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் திராட்சை வட்டாரமான நாசிக்கின் கதை வேறு. பிரான்சில் கொடி குளிர்காலம் முழுதும் உறங்கி, வசந்தத்தில் துளிர்த்து, வெயில் தணியத் தொடங்கும் செப்டம்பர், அக்டோபரில் பழத்தை முடிக்கிறது. நாசிக்கில் கொடிக்கு உறக்கம் கிடையாது. மழை ஓய்ந்தபின் கவாத்து செய்கிறார்கள். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் அறுவடை. அங்கே பழம் முதிரும் நாட்களில் வெயில் ஏறிக்கொண்டே போகும். கொடியும் கைமுறையும் ஒன்றாகவே இருந்தாலும் பாகம் நடக்கும் வரிசையே தலைகீழாக இருக்கும்போது சுவை ஒன்றாக இருக்க வழியில்லை. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்குக் கொடியே வேறு. மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் அந்த ரகத்தை 19ஆம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. அதன் மணம் மல்லுக்கட்டி முன்னே வருவது. போர்தோவின் அடக்கத்தை அதில் தேடுவது வீண்.

டெர்வார் கொள்கையில் மிகைப்பட்டுப் போன ஒரு பகுதியும் உண்டு. சுண்ணாம்புப் பாறையில் வளர்ந்த கொடியின் ஒயினில் சுண்ணாம்பே சுவைக்கிறது, கூழாங்கல் நிலத்து ஒயினில் கல்லே மணக்கிறது என்று எழுதுவது ஒயின் விமர்சகர்களின் வழக்கம். பாறை அப்படியே வேர் வழியே ஏறிப் பழத்தில் இறங்குவதில்லை. வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்த உப்புகளை. அந்த அளவில் அவற்றுக்கு நாவறியும் சுவை ஏதும் இல்லை. மண் செய்யும் வேலை மறைமுகமானது. போர்தோவின் மெதோக் பகுதிக் கூழாங்கல் தண்ணீரை நிறுத்தாமல் வடித்துவிடும். வேர் ஆழம் தேடும், காய் சிறுக்கும், தோலின் பங்கு கூடும், துவர்ப்பு ஏறும். வேரைப் பற்றிச் சொல்ல இன்னும் வலுவான செய்தி ஒன்று இருக்கிறது. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதற்கு ஈடுகொடுக்கும் அமெரிக்க வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் அவை மீண்டன. இன்றைய பிரெஞ்சு ஒயினில் மிகப்பெரும்பகுதி அமெரிக்க வேரில் நிற்கும் கொடியிலிருந்து வருகிறது. ஆகவே ‘இடம்’ என்பது மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பொருளாக இருக்க முடியாது. வெயில், நீர், குளிர், கை இவற்றின் ஒழுங்கே அது.

பொருளில்தான் சுவை என்று இத்தோடு முடித்துவிடலாம் என்றால், மிளகு குறுக்கே வருகிறது. கொல்லிமலையின் முதன்மைப் பணப்பயிர் அது. பச்சை மணிகள் பழுக்கத் தொடங்கும்போது கொடியோடு ஏணி சாய்த்துப் பறித்து, சரம் உதிர்த்து, களத்தில் காயப்போட்டால் சில நாட்களில் தோல் சுருங்கிக் கறுக்கும். உறைப்புக்குக் காரணம் பைப்பரின். மணம் வேறு பொருள்களிலிருந்து வருகிறது. சிரா என்ற திராட்சையில் செய்த சிவப்பு ஒயினில் மிளகு மணக்கிறது என்று குடிப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கின் வடபகுதியில் அது மிகுதி. அதே கொடி ஷிராஸ் என்ற பெயரில் வளரும் ஆஸ்திரேலியாவில், வெப்பம் மிகுந்த பரோசாவில் குறைவு, குளிர்ந்த தோட்டங்களில் அதிகம். இதை வெறும் உவமை என்றே பலரும் எண்ணினார்கள். ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் 2008இல் வெளியிட்ட ஆய்வு அதன் மூலத்தைக் காட்டியது. ரோட்டண்டோன் என்ற ஒரே சேர்மம் ஷிராஸ் ஒயினிலும் கருமிளகிலும் இருக்கிறது. மிளகில் ஆயிரக்கணக்கான மடங்கு கூடுதல். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். சில்வர் ஓக்கில் படர்ந்த கொல்லிமலைக் கொடியும் ரோன் கரையின் திராட்சைக் கொடியும் ஒரே மணத்தைச் செய்கின்றன என்பதே வியப்புக்குரியது.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவுதான் தத்துவத்துக்கு நெருக்கடி தருவது. சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, அளவை எவ்வளவோ கூட்டியும், ரோட்டண்டோன் மணக்கவே இல்லை. ஒரே குடுவையிலிருந்து ஊற்றிய ஷிராஸை இருவர் குடிக்க, ஒருவர் மிளகு மணக்கிறது என்றும் மற்றவர் இல்லை என்றும் சொன்னால் இருவருமே பொய் சொல்லவில்லை. கசப்பிலும் இப்படி ஒரு பிளவு உண்டு. 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலர், பி.டி.சி. என்ற பொருள் சிலருக்குக் கடும் கசப்பாகவும் சிலருக்குச் சுவையே இல்லாததாகவும் இருப்பதைக் கண்டார். அது மரபணுவால் வருவது என்று பின்னர் தெளிவாயிற்று.

இந்தியத் தத்துவத்தில் இதற்கு நிகரான வழக்கு மிகப் பழையது. பித்தம் மிகுந்தவன் நாவில் வெல்லம் கசக்கிறது. கசப்பு எங்கே இருக்கிறது? நையாயிகர் விடை: வெல்லம் இனிப்புத்தான், அவன் அறிவு பிழைபட்டது, ஒன்றை மற்றொன்றாக அறிந்தான். மீமாம்சகர் என்ற மற்றொரு பள்ளியினரில் பிரபாகரர் பிரிவினர் இதை ஏற்கவில்லை. அறிவு தன்னளவில் பிழைபடாது. நாவில் படிந்த பித்தத்தின் கசப்பை அவன் மெய்யாகவே சுவைக்கிறான், அதையும் வெல்லத்தையும் பிரித்தறியத் தவறுவதே குறை என்றார்கள். பொதுவாகச் சிக்கலானது என்று கருதப்படும் பிரபாகரர் கொள்கை இந்த இடத்தில் நையாயிகர் கொள்கையைவிடக் கூர்மையானது. நாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அது ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொண்டபின்னும் வெல்லத்தின் இனிப்பைக் கைவிடவில்லை. ஆனால் பித்தம் ஒரு நோய், தெளிந்துவிடும். ரோட்டண்டோன் மணக்காதவருக்கு நோய் ஏதும் இல்லை, அவர் அப்படியே பிறந்தவர். அவரைப் பிழைபட்டவர் என்று ஒதுக்குவதற்குப் பழைய எடுத்துக்காட்டு உதவாது.

சமணரின் அநேகாந்தம் இங்கே கைகொடுக்கிறது. ஒரு பொருளைப் பற்றிய எந்தக் கூற்றும் ஒரு நிலையிலிருந்து செய்யப்படுவது; அந்த நிலையைச் சேர்த்துச் சொன்னால்தான் கூற்று நிறைவு பெறும். ‘ஒரு வகையில் உண்டு, ஒரு வகையில் இல்லை’ என்ற அவர்களின் வாய்பாட்டை வழுக்கிச் செல்லும் தந்திரம் என்று மறுதரப்பார் பலர் பழித்தார்கள். சுவையைப் பொறுத்தவரை அதைவிட நேர்மையான வாய்பாடு இல்லை. இந்த ஒயினில் மிளகு மணம் இன்ன மூக்குக்கு உண்டு, இன்ன மூக்குக்கு இல்லை என்பது அளந்து சரிபார்க்கக்கூடிய முழு உண்மை. அவரவர் வாய்க்கு அவரவர் சுவை என்று கைகழுவுவது இதிலிருந்து வெகுதூரம் விலகியது. தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட சுவையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில், டான் குவிக்ஸாட் நாவலிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் மதுவில் ஒருவர் தோலின் சுவை என்றார், மற்றவர் இரும்பின் சுவை என்றார்; ஊரே சிரித்தது. பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் தோல்வார் கட்டிய சாவி ஒன்று கிடந்தது. இரண்டு நாவும் சரி. இரண்டும் ஒரே பொருளின் இரு பக்கத்தைத் தொட்டவை.

மூன்றாவது கேள்வியான உயர்வு தாழ்வுக்கு வந்தால், பெயரே முதல் இடறல். 2001இல் வெளிவந்த போர்தோ ஆய்வொன்றில் ஒயின் படிக்கும் 54 பேருக்கு வெள்ளை ஒயின் கொடுத்தார்கள். மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய அதே ஒயினையும் கொடுத்தார்கள். சாயமிட்டதற்கு அவர்கள் எழுதிய வருணனை சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் ஆனது. கண் சொன்னதை மூக்கு எழுதிக்கொண்டது. பெயரும் சாதியும் கலவாத முதற்கணத் தோற்றமே காட்சி, அதன் பின் வருவதெல்லாம் கற்பனை என்று வகுத்தவர் பௌத்த அறிஞர் திங்நாகர். அவர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்பது மரபு. அவருடைய அளவை முறை மணிமேகலையின் 29ஆம் காதையிலும் பேசப்படுகிறது. அந்த வகுப்பில் வைத்துப் பார்த்தால், பாட்டிலின் மேல் ஒட்டிய தாள் முழுவதும் கற்பனை.

அந்தத் தாளை மறைத்துவைத்துச் சுவைத்த நாள் 1976 மே 24. பாரிசில் ஒயின் கடை நடத்திய ஸ்டீவன் ஸ்பர்ரியர் என்ற ஆங்கிலேயர், ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் முன் போர்தோவின் நான்கு சிவப்பு ஒயின்களையும் கலிபோர்னியாவின் ஆறையும் பெயர் தெரியாமல் வைத்தார். முதலிடம் நாப்பாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் 1973க்குப் போனது. இரண்டாமிடம் ஷாத்தோ முத்தோன் ரோத்ஷில்ட் 1970க்கு. வெள்ளை ஒயினிலும் கலிபோர்னியாவே முதல். பிரெஞ்சு ஒயின்கள் மேலும் முதிர்ந்தபின் வெல்லும் என்ற சமாதானம் எழுந்தது. முப்பது ஆண்டு கழித்து 2006இல் அதே ஆண்டுச் சிவப்பு ஒயின்களைத் திறந்தபோது கலிபோர்னியாவின் ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971 முதலாவதாக வந்தது.

இதிலிருந்து டெர்வாரே பொய் என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அது அவசர முடிவு. அன்று தோற்றது போர்தோவின் தரவரிசை. போர்தோவின் சுவை எந்தத் தேர்விலும் தோற்கவில்லை, ஏனென்றால் சுவை போட்டியிடும் பொருளே இல்லை. 1976இல் முதல் இரண்டுக்கும் இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி மிகச் சிறியது. நடுவருக்கு நடுவர் வரிசை வெகுவாக மாறியது. வேறுபாடு பொருளில் இருக்கிறது. வரிசை மனிதர் போட்டது. இரண்டையும் ஒன்றாக்கும்போதுதான் குழப்பம். போர்தோவின் புகழ்பெற்ற தரவரிசை பிறந்த விதமே இதற்குச் சாட்சி. 1855 பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் அரசு கேட்டுக்கொண்டபடி போர்தோவின் ஒயின் தரகர்கள் தோட்டங்களை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். அதுவரை ஒவ்வொன்றும் விற்ற விலையே அடிப்படை. சுவைத்துப் பார்த்துப் போட்ட வரிசை அது இல்லை. அதற்குப் பிந்திய ஒன்றரை நூற்றாண்டில் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க மாற்றம், 1973இல் முத்தோன் முதற்படிக்கு ஏற்றப்பட்டதே.

விலையால் போட்ட வரிசை சுவையையே அழித்துவிடும் என்பதற்குக் கொல்லிமலையில் வருந்தத்தக்க உதாரணம் உண்டு. அங்கே சாமையிலேயே கட்டவெட்டி, மல்லிய, வெள்ளைப்பெரும் சாமை என்று பல ரகங்கள் விளைந்தன. தினையிலும் கேழ்வரகிலும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் மண், பருவம், சோற்றின் பதம் தனித்தனி. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி தேவைப்பட்டபோது சாமைக் காடுகள் மரவள்ளிக் காடுகளாயின. ரேஷன் அரிசி வந்தபோது சாமைச்சோறு ஏழைச்சோறு என்று ஆனது. அரிசி மேல், சாமை கீழ் என்ற வரிசையை நாக்கு போடவில்லை. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலை உழவர்களோடு சேர்ந்து இந்த ரகங்களைக் காக்க முயன்றது. பயிரிடப்படாத ரகத்தின் சுவையை எந்த நாவும் அறிய முடியாது என்பதால் அந்த வேலை உணவுப் பாதுகாப்புக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. பழநி பஞ்சாமிர்தம் 2019இல் அந்தக் குறியீட்டைப் பெற்றது. இச்சட்டத்தில் படிநிலை கிடையாது. இன்ன இடத்துப் பொருளுக்கு இன்ன தன்மை என்பதோடு அது நின்றுகொள்கிறது. 1855இன் வரிசையைவிட இது அறிவுக்கு நெருக்கமானது.

சமயங்கள் சுவையை வேறு கோணத்தில் நிறுத்துகின்றன. சமண இல்லறத்தார் விலக்க வேண்டியவற்றில் கள், ஊன் இரண்டோடு தேனும் சேர்ந்து நிற்கிறது. அடையைப் பிழியும்போது சாகும் உயிர்களே காரணம். சுவையின் தரம் அங்கே பேச்சிலேயே இல்லை, சுவைக்கு யார் விலை கொடுத்தார் என்பதே கேள்வி. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பௌத்தரின் ஐந்து சீலங்களில் கள் விலக்கும் ஒன்று. குடிக்காதவருக்கு ஒயினின் சுவை பற்றிப் பேச உரிமை உண்டா என்ற ஐயத்துக்கு இம்மரபுகளின் விடை தெளிவானது: ஒரு சுவையை அறிவதும் அதை அடையத் தகும் என்று முடிவு செய்வதும் வேறு வேறு வேலைகள். கத்தோலிக்கத் திருப்பலியில் திராட்சை ரசம் கட்டாயம். கலப்பற்ற, கெடாத திராட்சை ரசமாக இருக்க வேண்டும் என்பதே திருச்சபைச் சட்டத்தின் நிபந்தனை. போர்தோவாக இருந்தாலும் கம்பமாக இருந்தாலும் பலிபீடத்தில் வேறுபாடு இல்லை.

சைவத்தில் தேன் அபிடேகப் பொருள். இறைவனுக்குப் படைக்கும் உணவை முன்கூட்டிச் சுவைக்கக் கூடாது, பூவை முகரக் கூடாது என்பது பூசை விதி. எச்சில் மட்டும் இதற்குக் காரணமில்லை. சுவைத்தவுடன் அது சுவைத்தவரின் அனுபவமாகிவிடுகிறது. இது நன்று, அது குறைவு என்ற தீர்ப்பு படைப்பவருக்கும் படைக்கப்படுவதற்கும் நடுவே வந்துவிடுகிறது. இந்த விதிக்கு நேர் எதிராகச் செய்தவர் கண்ணப்பர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், வேடரான திண்ணனார் காளத்திநாதருக்காகப் பன்றிக் கறியைத் தீயில் வாட்டி, ஒவ்வொரு துண்டையும் தம் பல்லால் அதுக்கி, நாவால் பதம் பார்த்து, இனியவற்றை மட்டும் எடுத்துத் தேன் பிழிந்து கலந்து படைக்கிறார். அறுசுவையையும் அறிந்த நாவு எப்படிச் செய்யுமோ அப்படியே ஒப்பிட்டுத் தேர்கிறார். தேர்ந்தபின் ஒரு துண்டும் தமக்கென்று வைக்கவில்லை. பசியோடு இரவெல்லாம் காவல் நிற்கிறார். ஆகம விதிப்படி பூசை செய்யும் சிவகோசரியார் மறுநாள் வந்து அந்தக் கறியைக் கண்டு பதறித் துடைக்கிறார். சேக்கிழார் இருவரில் ஒருவரையும் குறைத்துப் பேசவில்லை. சிவகோசரியாரின் கனவில் இறைவன் தோன்றி, அந்த வேடனின் வாயில் பட்டு வந்த கறி தனக்கு எவ்வளவு இனியது என்று உணர்த்துகிறார். சிவகோசரியார் அதன்பிறகும் தம் விதிப்படியே பூசைக்கு வருகிறார். சுவைக்காமல் படைப்பதும் சுவைத்துத் தேர்ந்து படைப்பதும் ஒரே சன்னதியில் ஏற்கப்பட்டன.